பாதியில் நின்றுபோன குடும்ப வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்ப வரலாறு 80 பக்கப் புத்தகமாக அச்சாகி வந்தது. தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் பதினோரு வருஷம். அதில் எட்டு வருஷம் அது ஒரு துணிப்பைக்குள் கட்டிப் பரண்மேல் கிடந்தது. வேலை நடந்தது மீதி மூன்று வருஷத்தில்தான்.

புத்தகத்தைப் பார்த்த சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் போன் செய்கிறார்கள். "நானும் ஆரம்பிச்சேன், அப்படியே நின்னு போச்சு" என்றுதான் பேச்சு தொடங்கும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் எழுதி வைத்துவிட்டேன்.

நான் சோம்பேறியா? மத்த வேலையெல்லாம் நடக்குது, இது மட்டும் ஏன் நிக்குது?

மற்ற வேலைகளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்கள். கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி இருக்கிறது, அலுவலகத்தில் மேலதிகாரி இருக்கிறார். குடும்ப வரலாற்றை ஏன் முடிக்கவில்லை என்று கேட்க ஆளில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. "குடும்ப வரலாறு எழுதணும்" என்பது ஓர் ஆசை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து அந்த ஆசையை எப்படிச் செய்வது? எதை எடுப்பது என்று தெரியாமல் பையைத் திறந்து, நாலு போட்டோ பார்த்து, பெருமூச்சு விட்டு, மூடி வைப்போம். என் பழைய நோட்டில் "சின்னப் பாட்டி வீட்டு விவரம்" என்று ஒரு வரி இருந்தது. எட்டு வருஷம் அது கோடு போட்டு அடிக்கப்படவே இல்லை. ஒருநாள் பிரித்து எழுதிப் பார்த்தேன். அந்த ஒரு வரிக்குள் பதினோரு வேலை இருந்தது, அதில் மூன்று எனக்குத் தெரியாத ஊரில். நின்றதில் ஆச்சரியமே இல்லை.

திரும்ப எங்கிருந்து ஆரம்பிக்கிறது? விட்ட இடத்திலிருந்தா?

விட்ட இடத்துக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் மாட்டிக்கொண்ட இடம்தான் விட்ட இடம். போனால் திரும்பவும் அங்கேயே மாட்டுவீர்கள்.

கடைக்காரர்கள் வருஷக் கடைசியில் சரக்கு இருப்பு எடுப்பார்களே, அதைச் செய்யுங்கள். ஒரே உட்காருதல், இரண்டு மணி நேரம். எழுதக்கூடாது, ஸ்கேன் செய்யக்கூடாது. என்ன இருக்கிறது என்று மட்டும் குறிக்க வேண்டும்: கேசட் எத்தனை, யார் பேசியது, போட்டோ சுமாராக எத்தனை, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, பத்திர நகல் எது எது, ஏற்கெனவே எழுதியது எத்தனை பக்கம். இதில் ஒரு ஆபத்து, பழைய இன்லேண்ட் லெட்டர் கையில் கிடைத்தால் படிக்கத் தோன்றும். நான் படித்தேன். அன்றைய மதியம் முழுக்கப் போனது, இருப்பு எடுக்க இன்னொரு ஞாயிறு தேவைப்பட்டது. கடிதத்தைப் பிரிக்காமல், வெளிப்பக்கம் இருக்கும் தேதியையும் பெயரையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இருப்பு எடுத்தாச்சு. அடுத்து?

ஒரு தாள். ஒரே பக்கம். கடைசியில் கையில் என்ன இருக்க வேண்டும், யாருக்காக, எப்போது, எதெல்லாம் இதில் வராது. இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். என் தாளில் இருந்தது இது: "80 பக்கம். தாத்தாவின் அப்பா முதல் என் தலைமுறை வரை. 60 பிரதி. அடுத்த சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோவிலில் எல்லோரும் கூடும்போது கொடுக்க வேண்டும். அம்மா வழி வராது. நில விவகாரம் வராது. எழுதுவது பேரப்பிள்ளைகளுக்காக, அதனால் எளிய தமிழ்."

80 என்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அச்சகத்தில் ஃபாரம் என்றால் 16 பக்கம். 80 பக்கம் ஐந்து ஃபாரம். "கொஞ்சம் பெரிய புத்தகம்" என்று நினைத்துக்கொண்டிருந்த வரை எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ஐந்து ஃபாரம் என்றதும் எதற்கு எத்தனை பக்கம் என்று பங்கு போட முடிந்தது. தேதியும் அப்படித்தான். "இந்த வருஷத்துக்குள்" என்று எழுதாதீர்கள். சொந்தம் ஒன்றுகூடும் ஒரு நாளைப் பிடியுங்கள். அந்த நாள் நமக்காகத் தள்ளிப்போகாது.

"வராது" என்ற வரியை எழுதும்போது மனசு கேட்காது. இருந்தாலும் எழுதுங்கள். பிறகு வரும் பாதிக் கேள்விகளுக்கு அந்த வரிதான் பதில்.

எத்தனை தலைமுறை போகணும்? தம்பி ஏழு தலைமுறை வேணும்ங்கிறான்.

தம்பியிடம் கணக்கைச் சொல்லுங்கள். அப்பா அம்மா 2 பேர், அவர்களுடைய பெற்றோர் 4, அடுத்து 8. இப்படி ஏழாவது படிக்கு ஏறினால் அந்தப் படியில் மட்டும் 128 பேர். சொந்தத்திலேயே பெண் எடுத்திருந்தால் ஆள் குறையும், ஆனாலும் அது பெரிய கூட்டம்தான். அவர்களில் பெரும்பாலோரைப் பற்றி ஒரு பெயர்கூடக் கிடைக்காது.

இன்று உயிரோடிருக்கும் மூத்தவர், தன் தாத்தா பாட்டியைப் பற்றி நேரில் பார்த்ததைச் சொல்வார். அதற்கு மேலே உள்ளவர்களைப் பற்றிக் கேட்டதைச் சொல்வார். பார்த்த சாட்சி நிற்கும் இடமே நல்ல எல்லை. எண்பது வயசுக்காரர் ஒருவர் கிடைத்தால் 1900 வாக்கில் பிறந்தவர்கள் வரை சுலபமாகப் போகலாம், அது போதும்.

சில குடும்பங்களுக்கு வேறு மாதிரி எல்லை இயல்பாகவே அமைந்திருக்கும். 1942ல் பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பம், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பம் என்றால் அந்தப் பயணத்திலிருந்தே தொடங்கலாம். "அதுக்கு முன்னாடி எதுவும் தெரியலயே" என்று அந்த வீட்டுக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் கதை எங்கள் வீட்டில் கிடையாது.

நான் லிஸ்ட் போட்டுத்தான் வச்சிருக்கேன். ஆனா ஒண்ணும் நகரலையே?

லிஸ்டைப் படித்துக் காட்டச் சொன்னால் "பெரியத்தை", "கல்யாண ஆல்பம்", "ஊர் விவரம்" என்று வரும். இவையெல்லாம் பெயர்கள். "பெரியத்தையிடம் பேசணும்" என்று எழுதினாலும் பாதி தூரம்தான் வந்திருக்கிறீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குப் பெரியத்தைக்குப் போன். கல்யாணமாகி முதலில் குடிபோன வீடு எந்தத் தெரு, அப்போது கூட இருந்தவர்கள் யார் யார்?" இதைப் பார்த்ததும் கை போனை எடுக்கும். யோசிக்க மிச்சம் ஏதுமில்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று. களைத்துப்போய் வீட்டுக்கு வந்த இரவில் அந்த வரியைப் படித்தால், எழுந்து செய்ய முடியுமா? முடியாது என்றால் வரி இன்னும் பெரிசு, பிரிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் எதையும் நான் லிஸ்டில் விடுவதில்லை. முழு வேலைக்கும் இப்படி எழுத வேண்டியதில்லை. அடுத்த நாலைந்து வேலைக்கு எழுதினால் போதும், தூரத்தில் இருப்பவை மொட்டையாகவே இருக்கட்டும்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. முடிக்காத காரியம் மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும் என்று இன்றைய லிதுவேனியாவில் பிறந்து பெர்லினில் ஆய்வு செய்த உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927லேயே எழுதினார். 2011ல் மஸிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் அதன் அடுத்த பகுதியைக் கண்டார்கள்: காரியத்தை முடிக்காவிட்டாலும், எப்போது எப்படிச் செய்வோம் என்று திட்டவட்டமாக எழுதி வைத்தாலே அந்த அரிப்பு அடங்கிவிடுகிறது. நன்றாகத் தூங்கவாவது எழுதி வையுங்கள்.

எல்லாமே அவசரமாத் தெரியுது. எதை முதல்ல செய்யறது?

ஆட்கள் முதலில். அதிலும் வயசு வரிசையைப் பார்க்காதீர்கள், ஞாபகமும் காதும் யாருக்குப் போய்க்கொண்டிருக்கிறதோ அவர் முதலில்.

அடுத்து, கெட்டுப்போகும் பொருள்கள். எண்பதுகளில் எல்லோர் வீட்டிலும் இருந்த ஒட்டுப்பசைப் பக்க ஆல்பம், பூஞ்சை பிடித்த கேசட், வினிகர் வாடை அடிக்கும் நெகடிவ், பூச்சி அரித்த காகிதம்.

அரசு அலுவலகங்களிலும் நூலகங்களிலும் இருப்பவை கடைசி. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909ல் கட்டிய கட்டடத்தில் இருக்கிறது. உங்களுக்காக இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஆவணம் தேடுவது ஆராய்ச்சி மாதிரி கௌரவமாக இருப்பதால். நானும் அப்படித்தான் செய்தேன். காப்பகத்துக்குப் போய் வந்து வீட்டில் படம் காட்டிக்கொண்டிருந்த மாதத்தில்தான் சின்னத் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது.

பெரியவங்க கிட்ட உக்காந்தா ரெண்டு மணி நேரம் போகுது, ஒரு தேதி கூடக் கிடைக்கல.

தேதி கேட்காதீர்கள். கேட்டால் "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்று பேச்சே நின்றுவிடும். சம்பவத்தோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள். காந்தி இறந்தபோது (1948 ஜனவரி) அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாரா? தனுஷ்கோடிப் புயலுக்கு (1964 டிசம்பர்) முன்னாலா பின்னாலா? அண்ணா இறந்தபோது (1969 பிப்ரவரி) கைக்குழந்தை யார்? இப்படி மூன்று சம்பவத்தோடு கட்டினால் வருஷம் தானாக வந்து விழும்.

ஜாதகம் இருந்தால் இன்னும் நல்லது. தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "தாது வருஷம்" என்றிருந்தால் 1876, 1936, 1996. ஆளின் வயசை வைத்து எது என்று சொல்லிவிடலாம். இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று: வருஷம் சித்திரையில் பிறக்கிறது. தாது வருஷம் மாசி மாதம் பிறந்தவருக்கு ஆங்கிலக் கணக்கில் 1937. எங்கள் முதல் வரைவில் நாலு பேருக்கு இப்படி ஒரு வயசு கூடிப்போயிருந்தது.

ஒரு முறை போனால் மூன்று கேள்வி, ஒரு போட்டோ, நாற்பது நிமிஷம். பலகாரம் சாப்பிடும் நேரம் இதில் சேர்த்தி இல்லை. போனில் பதிவு செய்யுங்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வீடு திரும்பியதும் அதே நாளில் பத்து வரிச் சுருக்கம் எழுதிவிட வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை முழுக்க எழுத எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. சுருக்கம் இல்லாத பதிவுகள் ஒரு டஜன் சேர்ந்துவிட்டால் அதுவே இன்னொரு துணிப்பை.

அலமாரியில் 1,400 போட்டோ. ஸ்கேன் பண்ணியே ஓஞ்சு போயிட்டேன்.

ஒருநாளைக்குப் பத்து என்று வைத்தாலும் ஐந்து மாதம் ஆகும். அதற்குள் ஓய்ந்துபோவது நியாயம்தான். உங்கள் தாளை எடுத்துப் பாருங்கள். 80 பக்கப் புத்தகத்தில் எத்தனை படம் போட முடியும்? முப்பது, மிஞ்சினால் நாற்பது. அந்த நாற்பதைப் பொறுக்குவதுதான் இப்போதைக்கு வேலை.

பொறுக்கியதை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். பழைய போட்டோக்கள் சின்னவை, அச்சில் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் 300 டிபிஐ நிற்கும். மீதியை ஜன்னல் வெளிச்சத்தில் போனிலேயே படமெடுத்து வைத்தால் போதும், ஒரு பாதுகாப்புக்கு. பின்பக்கம் எண் போடும்போது பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். மெத்தென்ற பென்சிலால் ஓரமாக எழுதுங்கள்.

ஸ்கேன் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. மூளைக்கு வேலையில்லை, எண்ணிக்கை ஏறும், வேலை நடப்பது போலவே இருக்கும். எழுத வேண்டிய ஒரு கஷ்டமான பக்கத்துக்குப் பயந்தபோதெல்லாம் நான் ஸ்கேனர் பக்கம் போயிருக்கிறேன்.

மொத்தமா எவ்வளவு நாள் ஆகும்னு போட்டுக்கறது?

நீங்கள் நினைப்பதை ஒன்றரை மடங்காக்குங்கள். இதில் உளவியல்காரர்களே அசந்துபோயிருக்கிறார்கள். தங்கள் வேலைக்கு ஆகும் காலத்தை மனிதர்கள் எப்போதும் குறைத்தே சொல்கிறார்கள் என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். 1994ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல்.

கொஞ்சமாவது சரியாகக் கணிக்க ஒரே வழி, போன தடவை உண்மையில் எவ்வளவு ஆனது என்று பார்ப்பது. ஒரு அத்தியாயத்தை முழுசாக முடியுங்கள், பேசியது, எழுதியது, சரிபார்த்தது எல்லாம் சேர்த்து. அதற்கு ஆன வாரங்களை அத்தியாய எண்ணிக்கையால் பெருக்குங்கள். விடை சிவராத்திரியைத் தாண்டினால் பக்கத்தைக் குறையுங்கள். தேதியில் கை வைக்காதீர்கள். எங்கள் தாளில் முதலில் 112 பக்கம் என்று போட்டது பிறகு 80 ஆனது அப்படித்தான்.

எக்செல்லா, ஆப்பா, நோட்டா?

எது வீட்டில் மேஜைமேல் கிடக்குமோ அது. என்னுடையது நீண்ட அளவுக் கணக்கு நோட்டு. ஆப் தேடுவதில் ஒரு மாதம் போக்கியவர்களை எனக்குத் தெரியும்.

எங்க வீட்ல ஒரே பேர் நாலு பேருக்கு. பத்தாததுக்கு அத்தை மகள், அக்கா மகள்னு கட்டி, மரம் வலையாயிடுச்சு. குழம்பிப் போய் விட்டுட்டேன்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீடுகள் எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். கிடைத்த வரிசையில் 1, 2, 3 போதும். தலைமுறைவாரியாக அழகான எண் முறை யோசிக்காதீர்கள், புதிதாக ஓர் ஆள் கிடைத்ததும் அது உடையும். ஒவ்வொருவருக்கும் கால் பக்கம்: எண், பெயர், கூப்பிடும் பெயர், அப்பா எண், அம்மா எண், துணை எண். அக்கா மகளைக் கட்டியவர் மரத்தில் இரண்டு இடத்தில் வந்தாலும் எண் ஒன்றுதான், அதனால் குழப்பமில்லை.

பேச்சுப் பதிவுகளிலும் இந்த எண் கைகொடுக்கும். பெரியத்தை "மாமா வந்தார்" என்றால் அது அவருடைய மாமனா, வீட்டுக்காரரா, உங்களுக்கு மாமா முறை ஆகிறவரா? அன்றைக்கே கேட்டு எண்ணைக் குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அவருக்கே ஞாபகம் இருக்காது.

"நான் பாத்துக்கறேன்"னு அண்ணன் சொன்னார். ரெண்டு வருஷமாச்சு. கூடப்பிறந்தவங்களை எப்படி வேலை வாங்கறது?

வாங்க முடியாது. வாட்ஸ்அப் குரூப்பில் "எல்லாரும் பழைய போட்டோ அனுப்புங்க" என்று போட்டால் கைகூப்பும் பொம்மைதான் வரும். ஒரு ஆளிடம், ஒரு பொருளை, தனியாகக் கேளுங்கள்: "அண்ணா, உங்க வீட்டு சாமி ரூம்ல மாட்டியிருக்கிற பாட்டி படத்தைக் கண்ணாடியோடயே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." ஐந்து நிமிஷ வேலையை யாரும் தட்டமாட்டார்கள். லிஸ்டுக்குச் சொன்ன அதே விதிதான் இது.

ஒரு தந்திரமும் உண்டு. தப்போடு இருக்கும் வரைவைப் பிரதி எடுத்துக் கொடுங்கள். தகவல் கேட்டால் தராதவர்கள்கூடத் தப்பைத் திருத்த ஓடி வருவார்கள். எங்கள் சின்ன மாமா மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவர் கல்யாண வருஷத்தைத் தப்பாகப் போட்டு அனுப்பியதும் அன்றிரவே போன் வந்தது, ஒன்றே கால் மணி நேரம் பேசினார்.

சொத்துக்காகத்தான் நோண்டறேன்னு சித்தப்பா நினைக்கிறார். பேசவே மாட்டேங்கிறார்.

அவர் பயப்படுவதில் தப்பில்லை. பட்டா, வில்லங்கம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே நம் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒற்றைத் தாளில் "நில விவகாரம் வராது" என்று எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தாளையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பத்திர நகல் உங்கள் பையில் இருந்தாலும் அங்கே எடுத்துப் போகாதீர்கள். அவர் பள்ளிக்கூடக் கதை, முதல் வேலை, முதல் சைக்கிள் என்று ஆரம்பியுங்கள். வழக்கு ஏதாவது நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தால் அந்தக் கிளையை இந்தப் பதிப்பில் பெயர்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தாத்தாவுக்கு ரெண்டு குடும்பம். ஊருக்கே தெரியும், வீட்டில் யாரும் பேசமாட்டாங்க. அந்த அத்தியாயம் வந்ததும் நின்னுட்டேன்.

நிறைய குடும்ப வரலாறு நிற்பது இங்கேதான். வெளியே "நேரமில்லை" என்று சொல்வார்கள்.

உயிரோடிருப்பவர்களுக்கு வலிக்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இரண்டாவது குடும்பத்தின் பிள்ளைகள் இருந்தால், எழுதுவதற்கு முன் அவர்களைப் போய்ப் பாருங்கள். "போடாதே" என்றால் போடாதீர்கள். "எங்க அம்மா பேரை விட்டுடாதே" என்று சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அதுதான் நடந்தது. போடுவதென்றால் சாதாரணமாக ஒரு வரி: இன்னாரையும் மணந்தார், பிள்ளைகள் இவர்கள். விளக்கமும் தீர்ப்பும் வேண்டாம். ஆனால் பொய் எழுதாதீர்கள். அவர்களை "தூரத்து உறவு" என்று போட்டால், படிக்கிற ஊர்க்காரர்கள் புத்தகத்தில் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

முடிவெடுக்கும் வரை வேலை நிற்க வேண்டாம். அந்த இடத்தில் மூன்று பக்கம் காலியாக விட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள்.

ஒரே ஒரு சான்றுக்காக ஒரு வருஷமா காத்திருக்கேன்.

காத்திருக்கும் வேலைக்குத் தனிப் பக்கம் வையுங்கள்: யாரிடம் கேட்டது, என்றைக்கு, அடுத்து எப்போது நினைவூட்டுவது. நான் ஓர் அலுவலகத்தில் பிறப்புப் பதிவு நகலுக்கு எழுதிப்போட்டு ஏழு மாதம் ஒரு வரியும் எழுதாமல் இருந்தேன். கடைசியில் அந்தப் பதிவே அங்கு இல்லை என்று பதில் வந்தது. அந்தச் சான்று வந்திருந்தால் புத்தகத்தில் எத்தனை வார்த்தை மாறியிருக்கும் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். இரண்டு. "சுமார் 1912" என்று போட்டு நகர்ந்திருக்கலாம்.

யாரைக் கேட்கணுமோ அவங்களே போயிட்டாங்க. இனிமே என்ன?

மொய் நோட்டைத் தேடுங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். அந்தக் கல்யாண வருஷத்தில் யார் உயிரோடிருந்தார்கள், எந்த ஊரில் குடியிருந்தார்கள், யார் தாய்மாமன் முறையில் நின்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையும் அப்படியே. "இன்னார் பேத்தி" என்று போடுவதால் ஒரு காகிதத்தில் மூன்று தலைமுறை வந்துவிடும். கருமாதிப் பத்திரிகையில் இறந்த தேதி உறுதியாகக் கிடைக்கும்.

போனவருக்குத் தோழியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, கூட வேலை பார்த்தவரோ இருப்பார்கள். நம் வீட்டார் சொல்லாத கதை அவர்களிடம்தான் கிடைக்கும். சின்னத் தாத்தா மில்லில் நாடகம் போட்டார் என்பதே அவருடைய சிநேகிதர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மூணு வாரம் ஒழுங்கா போச்சு. அப்புறம் வீட்ல கல்யாணம் வந்துச்சு, மறுபடி நின்னுடுச்சு.

நிற்கத்தான் செய்யும். ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள்: எங்கே நிறுத்தினேன், திரும்பி உட்கார்ந்ததும் முதல் காரியம் என்ன. நான் பாதி வாக்கியத்திலேயே நிறுத்துவேன், மீதி என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் உட்கார்ந்ததும் கை ஓடும். இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் மட்டும் இருப்பு எடுப்பதைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டாம் தடவை அரை மணி நேரம்தான் ஆகும். விட்ட வாரங்களை ஈடுகட்ட நினைக்காதீர்கள், பக்கத்தைக் குறைத்துவிட்டு நடங்கள்.

பேசாம விட்டுடலாமா? இவ்வளவு செலவு பண்ணிட்டோமேன்னுதான் யோசிக்கிறேன்.

செலவான பணமும் நாளும் விட்டாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் திரும்பாது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்று புதிதாக யாராவது இந்தப் பையைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று பாருங்கள். மாட்டேன் என்றால் விடலாம், குற்றமில்லை.

ஆனால் ஒழுங்காக விடுங்கள். ஆட்களின் எண் பட்டியல், பதிவுகளின் சுருக்கம், பொறுக்கிய நாற்பது படம் இவற்றை ஒரு பெட்டியில் போட்டு, மேலே ஒரு தாளில் என்ன முடிந்தது, என்ன மிச்சம் என்று எழுதி, ஆர்வமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் அது கல்லூரியில் படிக்கும் ஏதாவது ஒரு பெண்ணாக இருக்கும். பழைய அச்சுக் காகிதங்கள் நிறைய இருந்தால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கோட்டையூரில் தனி ஒருவர் சேர்த்த தொகுப்பிலிருந்துதான் அந்த நூலகமே உருவானது.

முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வாரமும் புதுசா ஏதாவது கிடைக்குதே?

தாளைப் பாருங்கள். அதில் எழுதிய பக்கம் நிரம்பி, தேதி நெருங்கிவிட்டால் முடிந்தது. அச்சுக்குக் கொடுப்பதற்கு ஆறு வாரம் முன்னால் ஒரு நாளைக் குறித்து, அதற்குப் பிறகு கிடைப்பதெல்லாம் தனி உறைக்குள் போகட்டும். ஆறு வாரத்தில் இரண்டு வாரம் மெய்ப்புக்கு. பெயர்களை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நம் கண்ணுக்கு நம் வீட்டுப் பெயரில் பிழை தெரியாது.

எங்கள் புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கம் வெறும் கோடு போட்டது. சிவராத்திரி அன்று கோவில் திண்ணையில் உட்கார்ந்து, பேனா வாங்கி, அங்கேயே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பெரியத்தை முதலில் திருத்தியது என் பிறந்த தேதியை.